கிழக்கு வேலித் தைல மரங்கள்

மண் பொய் சொல்லாது.

ஒரே தோட்டம், ஒரே சரிவு, ஒரே அறுவடை. அந்த மண்ணின் ஆன்மாவே இந்தச் சிவப்பு ஒயின்.

வழவழப்பான அட்டையில் அச்சிட்டிருந்ததை முதலாளி வாசித்து முடித்தபோது அவளுக்கு வலது முட்டி விண்ணென்று தெறித்தது.

அவளையும் சேர்த்து, திராட்சை மிதித்த ஐந்து பெண்களையும் ஒரே நிறப் புடவையில் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். கால் தெரிய வேண்டுமாம். செருப்பெல்லாம் வெளியே.

ஒயினை ருசி பார்க்க வந்த நிபுணர் கோப்பையைச் சாய்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார்.

மூக்கு வெளியே வரவில்லை.

மற்ற ஒயினுக்கெல்லாம் இயந்திரம் நசுக்கும். இதற்கு மட்டும் கால். தொட்டியில் இறங்குமுன் வெந்நீரில் மூன்று முறை கழுவ வேண்டும். மஞ்சள் கூடாது, எண்ணெய் கூடாது. எவள் காலாவது வாடை விட்டது தெரிந்தால், அவள் அதற்குப் பிறகு தோட்டத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாது. முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

நாலு நாள் மிதிப்பு. மூன்றாம் நாள் தைப்பனியில் முட்டி மடங்க மறுத்தது.

கழுவிய பிறகுதான் தடவினாள். நீலகிரித் தைலம். கொஞ்சம்தான்.

அரைப் புட்டி.

தொட்டியில் திராட்சை முட்டிக்கு மேல் நின்றது.

நிபுணர் ஒரு வாய் எடுத்தார். கொப்பளித்தார். வெள்ளிக் கிண்ணத்தில் துப்பினார்.

"துப்பிட்டாருடி," என்றாள் பக்கத்தில் நின்ற குருவம்மா, உதடு அசையாமல். "நாலு நாள் மிதிச்சதை."

சென்னையிலிருந்து வந்த ஓட்டல்காரர்கள் அவர் முகத்தையே பார்த்திருந்தார்கள். அவர் தலையாட்டினால்தான் வாங்குவார்கள்.

"பழுத்த நாவல். ஈரச் செம்மண்." மறுபடி முகர்ந்தார். நெற்றி சுருங்கியது. "இன்னொண்ணு இருக்கு."

அவள் கால்விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"தைல மரம்," என்றார். "காத்துல வந்து பழத்தோல்ல படிஞ்சிருக்கு. தோட்டத்துப் பக்கத்துல தைல மரம் நிக்குதா?"

முதலாளி கண்ணிமைக்கவில்லை.

"நிக்குதுங்க சார். கிழக்கு வேலி ஓரமா. வரிசையா."

"பார்த்தீங்களா. மண் பொய் சொல்லாது."

நிபுணர் தலையாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தச் சத்தத்தில் முதலாளி சுவரோரமாக நடந்து வந்தார். ஒவ்வொருத்தியாகக் கடந்தார். அவள் முன்னால் நின்று மூச்சை இழுத்தார்.

இன்று காலையும் தடவியிருந்தாள்.

"வலி இன்னும் இருக்கா?"

"இருக்குங்கய்யா."

"இருக்கட்டும். அடுத்த அறுப்புக்கும் நீ வா."

நிபுணர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஓட்டல்காரர்களும் எழுந்தார்கள். அந்த மரங்களோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

கிழக்கு வேலியை ஒட்டி இருந்தது கோழிப்பண்ணை மட்டும்தான்.