உடம்புச் சூடு

மரக்காணம் உப்பளத்துக்கு நடுவே பஸ் நிற்கிறது. முன்னால் ஓர் உப்பு லாரி அச்சு முறிந்து சாலையை அடைத்துக் கிடக்கிறது. பாத்தித் தண்ணீரில் பட்ட காலை வெயில் ஜன்னல் வழியே ஏறி, பஸ்ஸின் கூரையில் வால் முளைத்த பொட்டுகளாக நெளிகிறது. மலர்கொடி இடுப்புச் சேலை மடிப்புக்குள் ஒரு சின்ன டப்பாவை வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருக்கிறாள். உள்ளே கணவனின் விந்து. சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் பாண்டிச்சேரி லேபில் கொடுக்க வேண்டும். பக்கத்தில் கணவன் சகாதேவன் செல்போனைப் பார்க்கிறான். நாற்பது நிமிடம் போய்விட்டது. "கதகதன்னுதாங்க இருக்குது," என்கிறாள் அவள். உப்பு அரித்த அவன் விரல்கள் சட்டைப் பையைத் தொட்டுவிட்டுத் திரும்புகின்றன. போன மாத ரிப்போர்ட் அங்கே நாலாக மடிந்திருக்கிறது. வழியில் ஆறிப்போனதால் ஒன்றும் தெரியவில்லையாம் என்று அவளிடம் சொல்லிவிட்டான். டாக்டர் அவனிடம் சொன்னது வேறு. "எல்லாத்துக்கும் உயிர் இருக்குதுப்பா. ஆனா ஒண்ணுகூட நவுரல. வாலை ஆட்டுன்னு சொல்ற சிக்னல் உள்ள போய்ச் சேரவே இல்ல. சூடு ஆறுனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல." அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். வெளிச்சம் நெளிந்து நெளிந்து ஓடுகிறது. "போன தடவ நாந்தாங்க கெடுத்துட்டேன். அசந்து தூங்கிட்டேன்," என்கிறாள். அவன் வாயைத் திறக்கிறான். அதற்குள் லாரி ஓரமாக இழுக்கப்பட, பஸ் உறுமிக் குலுங்கிக் கிளம்புகிறது. மலர்கொடி, கம்பியைப் பிடித்திருந்த கையையும் எடுத்து மடிப்பின்மேல் வைக்கிறாள்.