குண்டுப்பூனை

"பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு சார்" என்றான் கம்ப்யூட்டர் மெக்கானிக். "லிஸ்ட்லதான் கோளாறு."

எலி, கரப்பான், கரையான் ஒழிக்கும் கம்பெனி அது. எந்த வீட்டுக்கு எந்தத் தேதியில் மருந்தடிக்க வேண்டும் என்று மாதாமாதம் ஒரு பட்டியல் அச்சாகும். கொஞ்ச நாளாக, அந்தத் தேதிக்கு முதல் நாளே போட்டிக் கம்பெனி ஆட்கள் மருந்து டப்பாவோடு அதே வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டியல் எப்படியோ வெளியே போகிறது. இன்றைக்கு என்னடாவென்றால் அச்சாகவே மாட்டேன் என்கிறது.

முதலாளி ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார். பட்டியல் எடுப்பவள் டைப்பிஸ்ட். ஆகவே திருடியும் அவள்தான். சாயங்காலத்துக்குள் அவள் சீட்டைக் கிழித்துவிடப் போவதாக, அவளை வைத்துக்கொண்டே மெக்கானிக்கிடம் சொன்னார்.

டைப்பிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமைகூட வீட்டுக்கு வந்து உங்க பொண்ணுக்குப் பாடம் சொல்லித் தரேன். ஒரு பைசா கேட்டதில்ல. என்னைப் போய் சந்தேகப்படுறீங்களே சார்."

மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி திரையைப் பார்த்தான். அச்சடிக்கச் சொன்னால் அந்தப் பட்டியல், அங்கே இல்லாத ஏதோ ஒரு பிரிண்டரைக் கேட்டு அடம்பிடித்தது.

"இந்த ஃபைல் வெளிய எங்கயாவது போகுதா சார்?"

சனிக்கிழமை சாயங்காலம் தானே அதைப் பென் டிரைவில் ஏற்றி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதாக முதலாளி பெருமையாகச் சொன்னார். திங்கட்கிழமை காலையில்தான் திரும்ப ஏற்றுவாராம். விடுமுறை நாளில் எவனாவது உள்ளே புகுந்து அடித்துக்கொண்டு போய்விட்டால்?

"வீட்ல பிரிண்ட் எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு எடுக்கணும்?"

"யாரோ எடுத்திருக்காங்க சார். எடுத்த பிரிண்டரோட பேரு இதுல ஒட்டிக்கிச்சு. அதைத்தான் தேடுது. பேரு... குண்டுப்பூனைன்னு போட்டிருக்கு."

மருந்தடித்த கரப்பான் மாதிரி முதலாளி நாற்காலியில் மல்லாந்தார். வீட்டுப் பிரிண்டருக்கு அவர் மகள் வைத்த செல்லப் பெயர் அது. மகளுக்கு ஏழு வயசு. அவளை விட்டால் வீட்டில் இருப்பது மனைவிதான். போட்டிக் கம்பெனி நடத்துவதோ, ஆறு மாதத்துக்கு முன் அவரோடு சண்டை போட்டுப் பிரிந்துபோன மச்சினன். மனைவிக்குத் தம்பி என்றால் உயிர்.

இதை மனைவியிடம் கேட்பதைவிட, பாம்புப் புற்றுக்குள் கையை விடுவது அவருக்குச் சுலபம்.

"சரி, சரி. நடந்தது நடந்துபோச்சு. நீ முதல்ல அந்தப் பேரைத் தூக்கிடு தம்பி" என்றவர், டைப்பிஸ்ட் பக்கம் திரும்பிக் குரலைத் தழைத்தார். "மனசுல வச்சுக்காதம்மா. ஞாயித்துக்கிழமை வர்றதை மட்டும் நிறுத்திடாதே."

அவள் பெருந்தன்மையாகத் தலையாட்டினாள்.

பிரிண்டரை மாற்றிக் கொடுத்ததும் பட்டியல் சமர்த்தாக வெளியே வந்தது. ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றிய திருப்தியோடு மெக்கானிக் படியிறங்கினான். பின்னாலேயே ஓடி வந்த டைப்பிஸ்ட், அவன் மறந்து வைத்துவிட்ட ஸ்க்ரூடிரைவரை நீட்டினாள். நன்றி சொன்னாள். பிறகு மேலேயும் கீழேயும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அருகில் வந்து கிசுகிசுத்தாள்.

"அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை பிரிண்ட் எடுக்கிறப்ப அந்தப் பூனை பேரு ஒட்டாம இருக்கணும்னா என்ன பண்ணணும்?"