மூன்றாவது மருந்து

ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் உள்ள என் மகள் யாழிசைக்கு எந்த மருந்து என்பதை, பள்ளிக்கூடம் கட்டிவிட்ட கைப்பட்டைதான் முடிவு செய்யும். ஐந்து மருந்துகளை மாற்றிப் பார்த்தபின், ஆறாவது மருந்தில் பச்சை விளக்கு எரிந்தது. "சரியான மருந்து கிடைத்துவிட்டது" என்றது பட்டை.

குக்கர் விசிலடித்தால் கையை உதறிக் குதிப்பவள், அன்று மூன்று விசிலுக்கும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டையை அவள் கையிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன்.

"இப்பதாம்மா ஒரு இடத்துல உட்கார்றா" என்றார் ஆசிரியை.

"உட்கார வைக்கவா மருந்து? மத்த அஞ்சையும் எதுக்கு நிறுத்துனீங்க? காட்டுங்க."

திரையைத் திருப்பினார். மூன்றாவது மருந்துக்கு நேரே எழுதியிருந்தது: "வகுப்பில் இரைச்சல். ஒரே நாளில் நாற்பது முறை 'அம்மா' என்று கத்தினாள். மருந்து நிறுத்தப்பட்டது."

பட்டையை மேசையில் விட்டெறிந்தேன். ஆறு வயதாகிறது அவளுக்கு. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் இதுவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.