ஒரு நிமிஷம் பின்னால்

“நாயனம் ரெண்டு தடவை கேக்குதாம் ஆன்ட்டி. அங்கிள்தான் எழுதியிருக்கார்” என்றாள் அக்‌ஷயா, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கேக்கட்டும்மா. குத்தம் சொல்லுதாவன்னா, உக்காந்து பாக்காவன்னுதானே அர்த்தம்?” என்றாள் பக்கத்தில் இருந்த மீனாக்ஷி. மாப்பிள்ளையின் அம்மா. மேடைக்கு வரச் சொல்லி ஆள் மேல் ஆள் வந்தாயிற்று. அவள் நகரவில்லை.

கல்கத்தா லேக் மார்க்கெட் மண்டபத்தில் நடந்த இந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் அப்பா சொக்கலிங்கம் வரவில்லை. காரணம், ஒரு மீன்.

நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டார் பெரிய ரோகு மீன் ஒன்றுக்குச் சிவப்புப் பட்டு சுற்றி, மூக்குத்தி மாட்டி, சீர்த்தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். வங்காளிகளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பாளையங்கோட்டைச் சைவப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. மனுஷன் அன்று மாலையே ரயில் ஏறிவிட்டார். “இனி கல்கத்தா பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன். கல்யாணத்தை ஃபோன்ல காட்டுனாப் பாத்துக்கிடுதேன்” என்று சொன்னதோடு சரி.

மாப்பிள்ளை நவநீத் அந்தக் கடைசி வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவனும் அக்‌ஷயாவும் பாலிகஞ்சில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். விழாக்களை நேரலையாக இணையப் பக்கத்தில் காட்டும் மென்பொருள்தான் அவர்கள் பிழைப்பு. கல்யாணத்துக்கென்று தனிப் பக்கம் அமைத்தான். மேலே படம், கீழே பார்ப்பவர்கள் எழுத ஒரு கட்டம்.

“தாலி கட்டறதுக்குள்ள அப்பாகிட்டேயிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்துடணும். வந்தா எனக்குக் கை காட்டு” என்று அக்‌ஷயாவிடம் சொல்லியிருந்தான்.

“ஏம்மா, நாயனம் அங்க நின்னு போச்சு. இதுல இன்னும் ஊதுதானே?” என்று மீனாக்ஷி திரையைக் காட்டினாள்.

“இது ஒரு நிமிஷம் பின்னாடி ஓடும் ஆன்ட்டி. ஊர்ல நெட் மெதுவா இருந்தாலும் படம் நிக்கக் கூடாதில்ல? அதனால துண்டு துண்டா வெட்டி, கொஞ்சம் சேத்து வெச்சு அனுப்புவோம்.”

“அப்ப அவுக எழுதுதது?”

“அது உடனே வந்துடும்.”

சொல்லி வாய் மூடவில்லை, வந்துவிட்டது. ‘ஐயர் மந்திரத்தை முழுங்குகிறார்.’

மீனாக்ஷி சிரித்தாள். “வீட்டுல இருந்தாலும் அதே வாய்தான்.”

அடுத்ததும் வந்தது. ‘நாயனம் இப்பவும் இரண்டு தடவை. முதலில் நன்றாக. பிறகு டப்பாவுக்குள் இருந்து.’

அக்‌ஷயாவுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மைக்கை அணைத்துப் பார்த்தாள். மறுபடி போட்டாள். “வேற யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்ல. இவருக்கு மட்டும் எங்கேயிருந்து எக்கோ வருது?”

மேடையில் ஐயர், “தாலியை எல்லார்கிட்டேயும் காட்டிண்டு வாங்கோ, நாழியாறது” என்றார். தட்டு புறப்பட்டது. கேமராக்காரர் அதன் பின்னாலேயே போனார். பெண் வீட்டுப் பக்கம், தொட்டுக் கும்பிட வேண்டும் என்று தெரியாத, பெண்ணுக்குச் சித்தி முறையான ஒரு மாஷிமா, தட்டிலிருந்து பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். கடைசி வரிசையில் தை மாசக் குளிருக்கு மங்கி கேப்பும் மஃப்ளருமாகப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயும் போய்விட்டுத் தட்டு மேடைக்கு ஓடியது.

“ஒரு வார்த்தை எழுதச் சொல்லேம்மா” என்று மீனாக்ஷி கெஞ்சினாள்.

‘அங்கிள், தாலி கட்டப் போறாங்க. ஆசீர்வாதம் பண்ணுங்க’ என்று அக்‌ஷயா தட்டினாள்.

பதில் இல்லை.

நவநீத் மேடையிலிருந்து பார்த்தான். அக்‌ஷயா உதட்டைப் பிதுக்கினாள். அவன் முகம் வாடிப்போனது. ஐயர் தாலியை அவன் கையில் கொடுத்துவிட்டார். கெட்டிமேளம் முழங்கியது. மணப்பெண் பியாலி தலையைக் குனிந்தாள்.

அப்போதுதான் கட்டத்தில் எழுத்து விழுந்தது. ‘வசுந்தரா எங்கே? மூணாவது முடிச்சு!’

அக்‌ஷயா நிமிர்ந்தாள். மூன்றாவது முடிச்சைப் போட வேண்டிய நாத்தனார் வசுந்தரா, மேடைக்குக் கீழே ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நவநீத் இரண்டு முடிச்சைப் போட்டுவிட்டு மூன்றாவதற்கு இழையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“வசுந்தராக்கா! முடிச்சு!” என்று அக்‌ஷயா கத்தினாள்.

வசுந்தரா ஒரே தாவில் மேடை ஏறித் தம்பியின் கையிலிருந்து இழையைப் பிடுங்கி முடிச்சைப் போட்டாள்.

“நல்ல வேளை! சரியான நேரத்துல பாத்துச் சொன்னாவ” என்று சந்தோஷத்தில் மீனாக்ஷி கை நிறைய அட்சதையை வீசினாள்.

அக்‌ஷயாவின் அட்சதை கையிலேயே இருந்தது. “எப்படி ஆன்ட்டி பாத்திருப்பார்? இதுல இன்னும் தாலி மேடைக்கே போகலையே!”

இருவரும் குனிந்து திரையைப் பார்த்தார்கள். அங்கே தட்டு அப்போதுதான் பெண் வீட்டாரின் கடைசி வரிசைக்கு வந்திருந்தது. ஒரு பெரியவர் அவசரமாக மங்கி கேப்பைக் கழற்றினார். நெற்றி நிறையத் திருநீறு. தாலியை இரண்டு கையாலும் தொட்டு, கண்ணில் வெகு நேரம் ஒற்றிக்கொண்டார். பிறகு கேப்பை மாட்டிக்கொண்டு மடியிலிருந்த ஃபோனை எடுத்தார்.

மீனாக்ஷிக்குக் கண் நிறைந்துவிட்டது. பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

“அக்‌ஷயா, பந்தியில அவுகளுக்கு ஒரு இலை கூடப் போடச் சொல்லும்மா” என்றாள்.