உயரம்தான் இடிக்குது

மரச்சாமான் கடை மேனேஜரின் அறைக்குள் நுழைந்ததுமே அவள் பொரிந்து தள்ளினாள்.

"நேத்து வந்தவனுக்கு சூப்பர்வைசர் வேலையா? தேக்கு எது, பிளைவுட் எதுன்னே நான்தானே சார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்?"

"உன் வேலையில குறை இல்லம்மா. உயரம்தான் இடிக்குது."

"சோபா விக்கிறதுக்கு வாய் இருந்தா பத்தாதா?"

"கடைக்குன்னு ஒரு லட்சணம் வேணும். முதலாளி வந்தா சூப்பர்வைசர் என் பக்கத்துல நிக்கணும். உன்னை நிறுத்தினா பாக்கறவன் சிரிப்பான்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"அடுத்த தடவையும் இதையேதான் சொல்லுவேன். போ, போய் வேலையப் பாரு."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் நகரவில்லை. மேனேஜர் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றார்.

"வெளிய போ. இல்லன்னா உக்காந்து தொலை. உன்னை அண்ணாந்து பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது!"

இத்தனை வருஷமாக அந்த அறையில் தோளைக் குறுக்கி, முதுகை வளைத்தே நின்று பழகியவள், இன்றுதான் முழுசாக நிமிர்ந்தாள். அவருடைய வழுக்கை அவள் தோளுக்குக் கீழே பளபளத்தது.

"நல்லா வலிக்கட்டும் சார்."