மறுபடியும் சிப்பாய்

"சார், இதுல ஏதோ தப்பா இருக்கு." சுசித்ரா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

மூக்கண்டப்பள்ளி பஸ் ஸ்டாப்பை ஒட்டிய பிரவுசிங் சென்டர். காலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் போய் முடிந்திருந்தன. கடையில் அதைப் பார்த்துக்கொள்கிற அவளும், விண்ணப்பம் போட வந்த திம்மராயனும் மட்டும்தான்.

அவர் எழுதிக்கொண்டு வந்த தாளில், கடைசியாக இருந்த பதவி ஹவில்தார். சேர விரும்பும் பதவி சிப்பாய்.

"தப்பில்லம்மா. அப்படித்தான் எடுப்பாங்க. நீ அடி."

இருபத்துநாலு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் அவர் ஊர் திரும்பியிருந்தார். வயது நாற்பத்துநாலு. இப்போது டி.எஸ்.சி.க்கு விண்ணப்பம் போடுகிறார். ராணுவக் கிடங்குகளைக் காவல் காக்கிற படை அது. ஓய்வு பெற்றவர்களை மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் சட்டைக் கையில் இருந்த பழைய பதவிப் பட்டை கூடவே வராது. சிப்பாயாகத்தான் நுழைய வேண்டும்.

சுசித்ராவுக்கு மனசு கேட்கவில்லை.

"இங்க கம்பெனி மாறுறவங்க எல்லாம் ஒரு படி மேல கேட்டுத்தான் போறாங்க. நீங்க இறங்கிப் போறீங்களே சார்."

அவருடைய கை தானாக வலது தோளுக்குக் கீழே போய், சட்டையைத் தடவிவிட்டு இறங்கியது.

முதல் பட்டைக்கு எட்டு வருஷம் ஆனது. மூன்றாவது பட்டை வந்து ஹவில்தார் ஆன அன்று லடாக்கில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சிக்னல் கிடைக்கிற ஒரே பாறை மேல் ஏறி நின்று, மனைவி ஜோதியம்மாளுக்குப் போன் செய்தார். அவளுக்குப் பாதிதான் கேட்டது. ஆனாலும் கம்பெனியில் தன்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாளாம்.

பாக்கெட்டில் செல்போன் அடித்தது. மாரிமுத்து. ஒரு காலத்தில் அவருக்குக் கீழே லான்ஸ் நாயக்காக இருந்தவன். இப்போது சிப்காட்டில் ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு மேனேஜர்.

"அண்ணே, இன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கேட்டுக்குப் பக்கத்துல தனி ரூம். கதவுல 'ஹவில்தார் திம்மராயன்'னு போர்டு வெச்சுத் தர்றேன். சாயந்திரமானா வீட்டுக்குப் போயிடலாம். அதை விட்டுட்டு எங்கேயோ போயி, நேத்து வந்த நாயக் பையன் சொல்றதுக்கு விறைச்சு நிக்கப் போறீங்களா?"

குரல் வெளியே நன்றாகவே கேட்டது. சுசித்ரா திரையைப் பார்ப்பது போல இருந்தாள்.

"பாக்கலாம் மாரிமுத்து" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"அந்த சார் சொல்றது நல்லாத்தானே இருக்கு?" என்றாள் அவள். "பக்கத்துலயே வேலை. சொந்த வீடு. வீட்டுல எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"வீட்டுல யாரும் இல்லம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவரை இந்தத் தெருவில் மிலிட்டரிக்காரர் என்றுதான் தெரியும். பேரே இந்தத் தாளைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். வருஷத்துக்கு இரண்டு மாத லீவில் மட்டும் சேர்ந்து இருந்தார்கள். பிள்ளை இல்லை. அவர் அனுப்பியதையும் தன் சம்பளத்தையும் போட்டு ஜோதியம்மாள்தான் இங்கே நின்று வீட்டைக் கட்டினாள். அவர் வந்ததும் வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்லியிருந்தாள். பிறகு, தீபாவளி போனஸ் வரட்டும் என்றாள்.

அவர் வந்து நாலாவது மாதம், கம்பெனி பஸ்ஸில் ஏறப் போனவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

அவர் இதையெல்லாம் சுசித்ராவிடம் சொல்லவில்லை. "போன ஐப்பசியில தவறிட்டா" என்று மட்டும் சொன்னார்.

"ஐயோ... தெரியாம கேட்டுட்டேன் சார்."

"பரவால்லம்மா."

வெளியே யாரோ தெலுங்கில் ஜெராக்ஸ் மெஷின் வேலை செய்கிறதா என்று கேட்டார்கள். அவளும் தெலுங்கிலேயே, கொஞ்ச நேரம் ஆகும் என்று சொல்லி அனுப்பினாள்.

அடித்து முடித்தாள். கடைசிப் பொத்தானை அழுத்தாமல் மவுஸைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஒருவாட்டி அனுப்பிட்டா மாத்த முடியாது சார். கஷ்டப்பட்டு வாங்கின பட்டை. அதை இப்படி விடணுமா?"

திம்மராயன் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நேராக உட்கார்ந்தார். மேலதிகாரிக்கு விளக்கம் சொல்கிற மாதிரி இருந்தது.

"ஆடி மாசம் காய்ச்சல்ல விழுந்துட்டேம்மா. எந்திரிக்கவே முடியல. போன்ல சார்ஜ் போயிடுச்சு. மூணாம் நாள் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு வந்து கதவைத் தொறந்தா, கேட்டுல மூணு பால் பாக்கெட் தொங்குது. வெயில்ல உப்பிப் போயி. பால் போடுறவனும் ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிட்டுப் போயிட்டே இருந்திருக்கான்."

சுசித்ரா மவுஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அங்க பாரக்ஸ்ல எல்லாரும் ஒண்ணாத் தங்கணும். காலையில வரிசையா நிக்க வெச்சுப் பேர் படிப்பாங்க." அவர் திரையில் இருந்த தன் பேரைப் பார்த்தார். "என் பேருக்குப் பதில் வரலைன்னா, ஆள் வந்து பார்ப்பாங்கம்மா."