லிங்க் டீ

மூன்றாவது தடவையும் அதே இடத்தில் செத்தது.

நினைவகம் போதவில்லை என்று திரையில் ஒரு வரி. அவ்வளவுதான்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது.

நானூறு கோப்புகள். தனித்தனியாக எல்லாமே தங்கம். சேர்த்து ஒரே நிரலாக இணைக்கும்போதுதான் கணினிக்கு மூச்சு முட்டுகிறது. காரணமும் தெரியும். காலையில் அவளே சேர்த்த ஒரு ஆப்ஷன். இந்த நிரல் ஓடும் பெட்டி நின்றுபோனால், எந்த வரியில் நின்றது என்று பிறகு கண்டுபிடிக்க உதவுவது. அதைப் போட்டால் ஒவ்வொரு கோப்பும் மூட்டை முடிச்சோடு வந்து நிற்கும்.

எடுத்துவிட்டால் ஐந்து நிமிட வேலை.

பெட்டி, மீன்பிடிப் படகுகளில் மாட்டுவது. ஆபத்தென்றால் கரைக்குச் சொல்லும். இந்த வருடம் இரண்டு முறை நடுக்கடலில் அதுவே வாயை மூடிக்கொண்டது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு படகும் எப்படியோ திரும்பி வந்துவிட்டன.

அதனால் யாருக்கும் அவசரமில்லை.

"அந்த ஆப்ஷனை எடுத்துடும்மா," என்றார் மேனேஜர் ரகுபதி, தலையை நிமிர்த்தாமல். "அஞ்சு மணிக்கு அனுப்பணும்ல. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

போன தடவையும் இதையேதான் சொன்னார்.

அவள் அந்த வரிக்குப் போனாள். அழிக்க விரலை வைத்தாள்.

திரையின் ஓரத்தில் அண்ணன் அனுப்பிய படம் திறந்தே கிடந்தது. தூத்துக்குடியில் அவன் படகு. ஸ்டியரிங்குக்கு மேலே மாதா படம். பக்கத்தில் புத்தம் புதுப் பெட்டி. இன்று அனுப்பும் நிரல்தான் அதற்குள் ஏறும். பெட்டிக்கும் ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தான்.

"பொட்டி மாட்டியாச்சு பிள்ள. இனி பயமில்லன்னு அம்மாட்ட சொல்லிட்டேன்" என்று கீழே எழுதியிருந்தான்.

விரலை எடுத்தாள்.

அலுவலகம் முழுவதற்கும் ஒரே பெரிய கணினிதான். எல்லோரும் அதற்குள்தான் வேலை செய்கிறார்கள். முன்பெல்லாம் ஒருவர் இணைக்கும்போது, அதாவது லிங்க் போடும்போது, நினைவகம் காலியாகட்டும் என்று மற்றவர்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு டீக்குப் போவார்கள். லிங்க் டீ என்று அதற்குப் பெயர். ஆள் கூடியதும் அது நின்றுபோனது.

எழுந்து நின்றாள்.

"லிங்க் போடுறேன். எல்லாரும் மூடிட்டு டீக்குப் போங்க."

யாரும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை. அவரவர் அவசரம் அவரவருக்கு. ரகுபதி வாட்ச்சைப் பார்த்தார்.

"எங்க அண்ணன் படகுலயும் இந்தப் பெட்டி இருக்கு சார்."

வீட்டுக் கதையை இழுத்ததில் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு நாற்காலி நகர்ந்தது.

பிறகு இன்னொன்று.

கடைசியாக ரகுபதியும் மூடினார். "உனக்குச் சக்கரை இல்லாமதானே?" என்று கேட்டபடி வெளியே போனார்.

அறையில் அவள் மட்டும். கணினியிடம் இணைக்கச் சொன்னாள்.

நினைவகத்தின் கோடு ஏறியது. எண்பது சதவீதம். தொண்ணூறு. தொண்ணூற்றெட்டு. அங்கேயே நின்று தத்தளித்தது.

தன் பங்குக்கு மூட இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள்.

அண்ணன் அனுப்பிய படம் மட்டும்தான் இருந்தது.

மாதாவே என்று ஒருமுறை பார்த்தாள். அதையும் மூடினாள்.